மூளையில்லாத மோடம்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் வடக்கே சற்றுச் சென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. கணனி வாங்க எம்மவர் பலர் படியேறிய இடம். டயல்-அப் காலத்தில் கணனி வாங்கியவர்களுக்கு ஒரு சிறிய தெரிவு இருந்தது. பெட்டிக்கு வெளியே, வரிசையாக விளக்குகள் மினுங்கும் மோடமா, உள்ளே சொருகும் அட்டை மோடமா? வெளி மோடத்தின் விலை பல மடங்கு அதிகம். ஆகவே பெரும்பாலானோர் அட்டையையே வாங்கினர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?

விண்டோஸில் ஒரே வேலைதான். அதே கணனியில் லினக்ஸை இட்டவர்களுக்கே வித்தியாசம் விளங்கியது.

மோடத்தின் பணி என்ன? கணனியின் இலக்கங்களை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்புவதும், வரும் ஒலியை மீண்டும் இலக்கமாக்குவதும்தான். வெளி மோடத்தில் இந்தக் கணக்கைச் செய்யத் தனிச் சில்லு இருந்தது. மலிவு அட்டையிலோ தொலைபேசி வயர் சொருகும் துளையும் சொற்பச் சாமான்களுமே. கணக்கு முழுவதையும் கணனியின் தலையில் கட்டிவிட்டார்கள். அதைச் செய்யும் மென்பொருள்தான் ‘ட்ரைவர்’. யூ.எஸ். ரோபோடிக்ஸ் நிறுவனம் தன் அட்டைக்கு வைத்த ‘வின்மோடம்’ என்ற பெயரே இந்த இனம் முழுவதற்கும் வழங்கலாயிற்று. விண்டோஸ் இருந்தால்தான் அது மோடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

லினக்ஸுக்கு ட்ரைவர் எழுத ஆட்கள் இருக்கவில்லையா? இருந்தார்கள். ‘லின்மோடம்ஸ்’ என்ற பெயரில் ஒன்றுகூடி உழைத்தார்கள். ஆனால் சில்லு எவ்வாறு இயங்குகிறது என்ற விபரத்தைச் செய்தவர்கள் வெளியிடவில்லை. லூசன்ட் சில்லுக்குக் கிடைத்த ட்ரைவரின் முக்கிய பாகம் திறந்து பார்க்க முடியாத பொதியாகவே வந்தது. கெர்னலைப் புதிதாக்கினால் இத்தகைய ட்ரைவரையும் மறுபடி பொருத்த வேண்டும். பொருந்தாவிட்டால் இணைப்பு இல்லை. கொனெக்சன்ட் சில்லுகளுக்கு லினக்சன்ட் என்ற கனடா நிறுவனம் ட்ரைவர் விற்றது. அதன் இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட் வேகத்துக்கு மேல் போகாது. வாங்கிய அட்டையோ 56 கிலோபிட்!

இந்த வித்தியாசம் தொலைபேசி பில்லில் தெரியும். 56 கிலோபிட் மோடத்தில் ஒரு மெகாபைட் இறங்க மூன்று நான்கு நிமிடம், 14.4இல் சுமார் பத்து நிமிடம். அழைப்புக் கட்டணம் நேரத்தைப் பொறுத்து ஏறிய காலம் அது. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் விபரத்தை வாங்கியவனுக்கே மறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. குறையைச் சொல்லி விற்பதே வியாபார ஒழுங்கு.

வெளி மோடம் வைத்திருந்தவருக்கு வேலை இலகு. விண்டோஸில் கொம்-1 எனப்படும் துறைக்கு லினக்ஸில் டிடிவைஎஸ்-0 என்று பெயர். மினிகொம் என்ற மென்பொருளைத் திறந்து ‘ஏடி’ என்று தட்டினால், மோடம் ‘ஓகே’ என்று பதில் தரும். பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு டபிள்யூவி-டயலில் தொலைபேசி இலக்கம், பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்றையும் கொடுத்தால் போதும். டயல் டோனை மோடம் அறியாமல் முரண்டு பிடித்தால் ‘ஏடிஎக்ஸ்-3’ என்று கட்டளையிட வேண்டும். அதற்குக் காத்திராமல் இலக்கத்தைச் சுழற்றிவிடும். இந்த ‘ஏடி’ மொழி ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட மோடத்தோடு வந்து பொது வழக்கானது. விபரம் எல்லோர் கையிலும் இருந்ததால் எந்தக் கணனியும் அந்த மோடத்தோடு பேசிற்று.

1995இல் லங்கா இன்டர்நெட் நாட்டில் வர்த்தக ரீதியாக இணைய சேவையைத் தொடங்கியது. பின்னர் ஏடிஎஸ்எல் வந்து, டயல்-அப் மெல்ல மறைந்தது. வலையமைப்பு வயரில் இணையும் ரவுட்டர் தன் கணக்கைத் தானே செய்வதால் லினக்ஸுக்குத் தொல்லை இல்லை. யூஎஸ்பியில் சொருகும் ஏடிஎஸ்எல் மோடங்களோ பழைய வம்பையே மீண்டும் கொண்டுவந்தன.

யூஎஸ்பி வைஃபை துண்டுகள் சிலவற்றில் அது இன்னும் தொடர்கிறது. பழைய கணனிக்கு லினக்ஸ் இட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எண்ணுவோர், வைஃபை துண்டின் பெட்டியிலுள்ள பெயரை நம்பி வாங்க வேண்டாம். ஒரே பெயரில் வேறு வேறு சில்லுகள் வருவதுண்டு. லினக்ஸ் உள்ள பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே கணனியை அதில் இயக்கித் துண்டைச் சொருகிப் பாருங்கள். இணைப்பு வந்தபின் பணத்தைக் கொடுக்கலாம்.