சட்டம் எழுத ஒரு எடிட்டர் வேணும்!

சட்டம்னு தலைப்புல பார்த்ததுமே நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் அடுத்த பதிவுக்குத் தாவிடுவீங்கன்னு தெரியும். கொஞ்சம் இருங்க மக்களே. இது பாதி சட்டம், பாதி மென்பொருள். பொட்டி தட்டுற எனக்கு இதுல ரெண்டாவது பாதிதான் தெரியும், அதனால ரொம்ப படுத்த மாட்டேன்.

2021-ல இந்தியக் கடல் மீன்வள மசோதான்னு ஒரு வரைவை மத்திய அரசு கொண்டு வந்துச்சு. பிராந்தியக் கடலைத் தாண்டிப் போய் மீன் பிடிக்க உரிமம், மீறினா அபராதம்னு போகும் அந்த வரைவு. காசிமேட்டுல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் எதிர்ப்பு. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த மழைக்காலக் கூட்டத்தொடர்ல மசோதா தாக்கலாகலை. நல்லது.

என் கேள்வி அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. 'வேண்டாம்'னு சொல்லியாச்சு. எப்படி இருந்தா வேணும்? 'இந்தப் பிரிவுல இந்தச் சொற்களை எடுத்துட்டு இதைப் போடு'ன்னு எழுதிக் கொடுக்க எங்க ஏரியாவுல எத்தனை பேரால முடியும்? எதிர்க்க ஒரு போஸ்டர் போதும். மாற்று சொல்லணும்னா வரைவு வேணும்.

அதுக்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கு. அமைச்சரா இல்லாத எந்த எம்.பி.யும் தனிநபர் மசோதா கொண்டு வரலாம். மக்களவையில வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டரை மணி நேரம் இதுக்குன்னே ஒதுக்கியிருக்கு. 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பு மத்திய அரசோட அதிகாரம், அதுக்கு டெல்லி. உள்ளே நடக்கிறது மாநிலத்தோட விஷயம், அதுக்குக் கோட்டை. விசைப்படகு கரையையொட்டி மீன் பிடிக்கக் கூடாதுங்கிறது தமிழ்நாட்டோட 1983-ம் வருஷத்துச் சட்டம். விசைப்படகும் ஃபைபர் போட்டும் ஒரே துறைமுகத்துல நிக்கிற காசிமேட்டுல அந்த ஒரு வரிக்கு என்ன மதிப்புன்னு சொல்லத் தேவையில்லை.

"தனிநபர் மசோதா எங்கய்யா சட்டமாவுது?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் ரெண்டு அவையும் தாண்டிச் சட்டமானது மொத்தம் 14. கடைசியா ஆனது 1970-ல. ஆனா திருச்சி சிவா கொண்டு வந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்னிக்கு மாநிலங்களவை நிறைவேத்துச்சு. மக்களவையில அது கரையேறலை. அரசு தன்னோட சொந்தச் சட்டத்தை 2019-ல கொண்டு வந்தப்போ, சிவாவோட மசோதாவுல இருந்த இடஒதுக்கீடு அதுல காணோம். காணோம்னு நம்மால விரல் வச்சுக் காட்ட முடியுறது எதனால? எழுதின வரைவு ஒண்ணு கையில இருக்கிறதால. முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவையில தேவதாசி முறைக்கு எதிரா ஆரம்பிச்ச வேலை முழுச் சட்டமானது 1947-ல. வரைவுக்கு ஆயுசு கெட்டி.

இப்ப மென்பொருளுக்கு வருவோம். ஒரு மசோதான்னா நெடுந்தலைப்பு, குறுந்தலைப்பு, வரையறைகள், பிரிவு, உட்பிரிவு, நோக்க காரண விளக்கம், நிதிக் குறிப்புன்னு வரிசையா வரணும். 'பிரிவு 7, உட்பிரிவு 2-ல் சொன்னபடி'ன்னு பத்து இடத்துல எழுதியிருப்போம். நடுவுல புதுசா ஒரு பிரிவைச் செருகினா 7 வந்து 8 ஆயிடும். பத்து இடத்துலயும் மாத்தணும். ஒண்ணை விட்டா அர்த்தமே மாறிடும். வேர்டுல இதைக் கையால பண்றவங்க பாவம். திருத்தச் சட்டம் இன்னும் ஜோர். 'இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் இடப்பட வேண்டும்'னுதான் இருக்கும், மூலத்தைப் பக்கத்துல வச்சாத்தான் புரியும். நம்ம பாஷையில சொன்னா பேட்ச் ஃபைல். சேர்த்து ஓட்டிக் காட்ட ஆள் இல்லை.

ஐரோப்பிய ஆணையம் இதுக்குன்னே லியோஸ்னு ஒரு எடிட்டர் செஞ்சு திறமூலமா விட்டிருக்கு. அடியில அக்கோமா நட்டோசோங்கிற எக்ஸ்.எம்.எல். வடிவம். ஆப்பிரிக்க நாடாளுமன்றங்களுக்காக ஐ.நா. திட்டத்துல பிறந்தது அது. பேரே மேற்கு ஆப்பிரிக்காவோட அகான் மொழிதான். ஒவ்வொரு பிரிவுக்கும் நிலையான அடையாளம், எண்ணைத் தானே சரி பண்றது, யார் எதை மாத்தினாங்கங்கிற வரலாறு, எல்லாம் இந்த மாதிரி எடிட்டரோட வேலை.

"எடிட்டர் இருந்தா வக்கீல் ஆயிடுவியா?"ன்னு ஒரு சட்டம் படிச்ச நண்பர் கலாய்ச்சார். ஆக மாட்டேன். 'உரிமம் வழங்கலாம்'கிறதுக்கும் 'உரிமம் வழங்க வேண்டும்'கிறதுக்கும் நடுவுல ஒரு குடும்பத்தோட பொழப்பே இருக்கு. அதைப் பார்க்க சட்டம் தெரிஞ்சவர்தான் வேணும். அவரோட நேரம் எண் திருத்துறதுல வீணாகக் கூடாதுங்கிறதுதான் என் கட்சி.

இன்னொரு சிக்கல் மொழி. அரசமைப்புச் சட்டம் 348-வது பிரிவுப்படி நாடாளுமன்ற மசோதாவுக்கு ஆங்கிலப் பாடம்தான் அதிகாரபூர்வம். கடலுக்குப் போறவர் படிக்கிறது தமிழ்ல. ஆங்கிலப் பிரிவும் தமிழ்ப் பிரிவும் ஒரே அடையாளத்தோட பக்கத்துப் பக்கத்துல நின்னா, அவர் தமிழ்ல 'இது ஆகாது'ன்னு கை வைக்கிற வரி ஆங்கிலத்துல எதுன்னு உடனே தெரிஞ்சுடும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைன்னா, அந்தத் தடை எந்தப் பிரிவுல இருந்து வருதுன்னு கேக்க அவருக்கு வழி கிடைக்கும்.

ஃபயர்ஃபாக்ஸையும் லிப்ரெ ஆபீஸையும் தமிழுக்குக் கொண்டு வந்தது தன்னார்வலர்கள்தான். அந்த ஆளுங்களுக்கு இது ஒண்ணும் மலை இல்லை. முதல் வேலையா அந்த 1983 சட்டத்தை எடுத்து, திருத்தங்களோட, பிரிவு பிரிவா, ரெண்டு மொழியிலயும் கட்டமைச்சு வைக்கலாம். தட்டச்சும் நிரலும் நான் பார்த்துக்கறேன். 'வழங்கலாம்', 'வழங்க வேண்டும்' ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல சட்டம் தெரிஞ்ச பதிவர் யாராவது வர்றீங்களா?