வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்!

மொட்டை மாடியில் கூழ் வடகம் பிழிந்துகொண்டிருந்தோம். என் நாத்தனார் மெதுவாக ஆரம்பித்தாள். "அண்ணி, மார்பிலே நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. ஆறு மாசமாச்சு. வலியே இல்லை, அதான் யார்கிட்டேயும் சொல்லலை."

எனக்குப் பகீரென்றது. வலி இல்லாமல்தானே சகோதரிகளே, இந்த நோய் நம்மை ஏமாற்றுகிறது! மறுநாளே ஊரப்பாக்கத்தில் ரயிலேறி, கிண்டியில் இறங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய இடம் அது.

ஆபரேஷன் முடிந்து கையைத் தூக்க முடியாமல் அழுதாள். பக்கத்துக் கட்டில் அம்மாள்தான், "சுவரிலே எறும்பு ஏறுற மாதிரி விரலை மெல்ல மெல்ல ஏத்தும்மா. டாக்டரம்மா எனக்கும் அதைத்தான் சொன்னாங்க" என்று தைரியம் சொன்னார். பட்டவர் சொன்ன சொல், பத்து மருந்துக்குச் சமம். இப்போது இரண்டு வருஷமாகிறது. தானே தலை பின்னிக்கொள்கிறாள்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 35 முதல் 64 வயது வரை ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையாலேயே தொட்டுப் பரிசோதித்தார்கள். பெரிய மிஷின் எதுவும் கிடையாது! 2021-ல் முடிவு வெளியானது. கட்டிகள் முற்றுமுன்பே பிடிபட்டன. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதில் சாவு அப்படிக் குறையவில்லை. ஆகவே இளம் வயதினர் தாமே கவனமாக இருப்பது அவசியம்.

என்ன கவனிப்பது? புதிதாக ஒரு கட்டி, தோலில் சுருக்கம் அல்லது குழி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம். இவற்றில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பால் கொடுக்கும் தாய்மார்களே, பால் கட்டிதான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சில நாளில் கரையாவிட்டால் காட்டிவிடுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நாமல்ல.

அன்று மாடியில் என் நாத்தனார் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? நினைத்தாலே நெஞ்சு நடுங்குகிறது. உங்கள் வீட்டில் யாராவது சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்களேன்.