நெற்றியை மூடினோம், விரலை நீட்டினோம்

2020ஆம் ஆண்டின் நடுப்பகுதி. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை கொஞ்சம் தளர்ந்து, கடைகள் திறந்திருந்த நேரம். மாசாயில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பேரங்காடியின் வாசலில் இடைவெளி விட்டு வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் ஒரு பாட்டி. பாதுகாவலர் துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்த வெப்பமானியை நீட்டியதும், பாட்டி சட்டென்று சேலைத் தலைப்பால் நெற்றியை மூடிக்கொண்டு மணிக்கட்டை நீட்டினார். பாதுகாவலர் நேப்பாளத்துக்காரர். ஒன்றும் பேசாமல் மணிக்கட்டில் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டார்.

பாட்டி என் பக்கம் திரும்பினார். “நெத்தியில வெச்சா கதிர் மூளைக்குள்ள போயிடுமாம் தம்பி. பேரன்தான் போன்ல காட்டுனான்.”

அறுபதைத் தாண்டிய என்னைத் தம்பி என்று அழைக்கவும் ஆள் இருக்கிறதே என்ற மகிழ்ச்சியில் நான் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் முறை வந்தபோது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் கையைத்தான் நீட்டினேன். முன்னால் இருப்பவர் செய்வதையே செய்யும் வரிசைப் புத்தி.

பாட்டியின் பயத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம். கதிர்வீச்சு என்றதும் நமக்கு ஹிரோஷிமா ஞாபகம் வருகிறது. அணுகுண்டிலிருந்து வருவதும் கதிர்வீச்சு, அடுப்பிலிருந்து வருவதும் கதிர்வீச்சு. ஒரே சொல்தான், ஆனால் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் ‘இன்ஃப்ராமேரா’ என்று மலாயில் படிப்பதுதான் அகச்சிவப்புக் கதிர். சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒளி. சாதாரண வெளிச்சத்தைவிடச் சக்தி குறைந்தது. புற ஊதாக் கதிரைப் போல உடலின் அணுக்களைக் கெடுக்கும் வலு இதற்குக் கிடையாது. அளவுக்கு மிஞ்சினால் சுடும், அவ்வளவுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கப் பாடநூல் வேண்டாம். கூலாய்ப் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும். பூக்குழியிலிருந்து பத்தடி தள்ளி நிற்பேன். காற்று எதிர்ப்பக்கம் வீசினாலும் முகம் காயும். முன்னால் ஒரு பெரியவர் வந்து நின்றால் அந்த நொடியே சூடு நின்றுபோகும், அவர் விலகினால் அந்த நொடியே திரும்பும். காற்று வழியாக வரும் சூடு இப்படி நடந்துகொள்ளாது. நிழல் விழுகிறது என்றால் வருவது ஒளிதான். அது நேர்க்கோட்டில், ஒளியின் வேகத்திலேயே வருகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, தோலுக்குத் தெரிகிறது.

இதை முதலில் அளந்து காட்டியவர் இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மன்காரர் வில்லியம் ஹெர்ஷல். பிழைப்புக்கு இசை, ஆசைக்கு வானம் என்று இருந்து, 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். 1800ஆம் ஆண்டு சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்புக்குப் போகப் போகச் சூடு ஏறியது. சிவப்பையும் தாண்டி, ஒரு நிறமும் இல்லாத இருட்டில் வைத்தபோது அங்கேதான் சூடு அதிகமாக இருந்தது.

சூரியன் மட்டுமல்ல, சூடு உள்ள எதுவும் இந்தக் கதிரை விடும். நாமும் விடுகிறோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடலிலிருந்து வெளியேறும் வெப்பம் சுமார் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். அதில் நல்ல பங்கு அகச்சிவப்புக் கதிராகத்தான் போகிறது. பாட்டியின் நெற்றியும் அப்படித்தான் கதிர் விட்டுக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த வெப்பமானி அதை வாங்கி அளக்கிறது, எதையும் உள்ளே அனுப்புவதில்லை. உருவம் துப்பாக்கியாக இருந்தாலும் அதன் வேலை கண்ணின் வேலை. 2003இல் சார்ஸ் வந்தபோது பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், இராணுவத்துக்கான வெப்பப் படக்கருவியைக் காய்ச்சல் பார்க்க மாற்றிப் பொருத்தினார்களே, அதுவும் இதே கதைதான்.

அந்த வெப்பமானி தப்பே செய்யாது என்று சொல்ல மாட்டேன். வெயிலில் மோட்டார் ஓட்டி வந்தால் கூட்டிக் காட்டும், ஏர்கோன் அறையிலிருந்து வந்தால் குறைத்துக் காட்டும். ஒருநாள் எனக்கு 33 என்று காட்டியது. அது உண்மையாக இருந்திருந்தால் என்னைக் கடைக்குள் விடாமல் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். பாதுகாவலர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்.

இதைவிட முக்கியமான கருவி ஒன்று அடுத்த வருடம் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. விரலில் கிளிப் மாதிரி மாட்டும் ஆக்சிமீட்டர். 2021இல் தொற்று உச்சத்தில் இருந்தபோது அது இல்லாத வீடு குறைவு. அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. ஆனால் உண்மையில் உடலுக்குள் அகச்சிவப்புக் கதிரை அனுப்புவது அதுதான். ஒரு பக்கம் சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி என்று இரண்டு சின்ன விளக்குகள், மறுபக்கம் உணரி. உயிர்வளி நிறைந்த இரத்தம் சிவப்பு ஒளியை விட்டுவிட்டு அகச்சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். உயிர்வளி இழந்த இரத்தம் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். எது எவ்வளவு தப்பி வந்தது என்று ஒப்பிட்டு, இரத்தத்தில் உயிர்வளி எத்தனை விழுக்காடு என்று காட்டும். 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி உலகுக்குத் தந்த அருமையான யோசனை இது. உலகமே அவருடைய கருவியை மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

இந்தக் கதிரால் விரலுக்கு ஆபத்து இல்லை. சிக்கல் வேறு. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினும் ஒளியைப் பிடித்துக்கொள்ளும், அகச்சிவப்பைவிடச் சிவப்பை அதிகமாக. நாடித்துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் கணக்கில் எடுப்பதால் தோலின் நிறம் தானாகக் கழிந்துவிடும் என்று நினைத்தார்கள். முழுதாகக் கழியவில்லை. போதாக்குறைக்குப் பல கருவிகளை வெளுத்த தோல்காரர்களை வைத்தே பெரும்பாலும் சரிபார்த்திருந்தார்கள். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி இரத்தத்தைச் சோதித்தால், சிலருக்கு உண்மையில் 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரின் சோதனைகளில் 3.6 விழுக்காட்டில் இப்படி, கறுப்பினத்தவரின் சோதனைகளில் 11.7 விழுக்காட்டில். ஏறத்தாழ மூன்று மடங்கு. 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை எங்கள் புலனக் குழுக்களுக்கு வரவில்லை. மூளைக்குள் கதிர் போகும் கதை மட்டும் நாலு குழுவில் வந்தது.

அதே 2021 ஆகஸ்ட்டில் குளுவாங்கில் இருக்கும் என் அண்ணனுக்குக் கோவிட். வீட்டிலேயே தனிமை. அப்பாவைப் போலவே நல்ல கறுப்பு அவர். காலையும் மாலையும் விரலில் கருவியை மாட்டி, படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார். 96, 95, 96. நாங்கள் கட்டைவிரல் படம் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். 95க்குக் கீழே போனால்தான் மருத்துவமனை என்று மனதில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தோம்.

ஆறாம் நாள் மாலை. எண் 95. அண்ணன் மருமகளிடம், “தண்ணி... கொஞ்சம் வெதுவெதுன்னு... கொண்டாம்மா” என்றாராம். நாலு சொல்லுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினார். மருமகள் எங்களை யோசனை கேட்கவில்லை. மாமனாரைக் காரில் ஏற்றிவிட்டாள். “சித்தப்பா, மெஷின் நல்லாத்தான் காட்டுது. மாமா நல்லா இல்ல” என்று போகும் வழியில் எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள். மருத்துவமனையில் மணிக்கட்டுத் தமனியில் இரத்தம் எடுத்துப் பார்த்ததும் உடனே உயிர்வளி வைத்தார்கள். இன்னும் ஒரு இரவு தாண்டியிருந்தால் என்று மருத்துவர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அண்ணன் வீடு திரும்பினார்.

அவர் விஷயத்தில் தோல் நிறம்தான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். விரல் சில்லிட்டிருந்தாலும், கை ஆடினாலும், நகச்சாயம் இருந்தாலும் எண் பிசகும். ஆனால் 96 என்பது எல்லாத் தோலிலும் ஒரே 96 அல்ல என்று அந்த ஆறு நாளில் எங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். 2025 ஜனவரியில்தான் பல நிறத் தோல்காரர்களிடமும் சோதிக்கச் சொல்லும் வரைவு நெறிமுறையை அமெரிக்க நிர்வாகம் வெளியிட்டது. நம் வீட்டு அலமாரிகளில் இருப்பதெல்லாம் அதற்கு முன்னால் வாங்கியது. ஆஸ்துமாக்காரர்களும் இதயநோயாளிகளும் இன்றும் அதைத்தான் மாட்டுகிறார்கள். தூக்கிப் போடச் சொல்லவில்லை. நேற்றைய எண்ணைவிட இன்று மூன்று நான்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பேசும்போது மூச்சு வாங்குகிறதா, படி ஏற முடிகிறதா, உதடு நீலம் பாய்கிறதா என்று பாருங்கள். வாங்குகிறது என்றால் எண் என்ன சொன்னாலும் கிளம்பிவிடுங்கள்.

தீபாவளிக்குக் குளுவாங் போயிருந்தேன். அண்ணன் இன்னும் அந்தக் கருவியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார். பெட்டியின் மேல் வெள்ளை ஒட்டுத்தாளில் மருமகளின் கையெழுத்து: “மாமா நல்லா இருக்கும்போது 99.”