கரப்பானுக்கு உரிமம் வேண்டும், மூட்டைப்பூச்சிக்கு வேண்டாமா?

சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் வீட்டுக்குப் பழைய சோபா ஒன்று வந்தது. அதோடு மூட்டைப்பூச்சியும் வந்தது. பாட்டியின் கைகளில் வரிசையாகத் தடிப்புகள். அம்மா இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து ஓர் ஆடவரை அழைத்தார். கட்டணம் 60 வெள்ளி, ரொக்கம் மட்டும். வந்தவர் கையில் ஒரு பம்ப்பும் பெயர்ச்சீட்டு எதுவும் ஒட்டாத போத்தலும் இருந்தன.

"என்ன மருந்து அண்ணே?" என்று கேட்டேன்.

"நல்ல மருந்துதாம்மா. ரெண்டு மணி நேரத்துல வாடை போயிடும்."

"உங்ககிட்ட லைசன்ஸ் இருக்கா?"

"மூட்டைப்பூச்சிக்கெல்லாம் லைசன்ஸ் வேணாம்மா."

அன்றிரவு பாட்டிக்குக் கண்ணெரிச்சல், விடாத இருமல். மறுநாள் அவரை மாமா வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். மூன்று நாளில் பாட்டி தேறிவிட்டார். இரண்டு வாரத்தில் மூட்டைப்பூச்சியும் திரும்பி வந்துவிட்டது. அந்த ஆடவர் பொய் சொன்னார் என்று நினைத்துத்தான் நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். உரிமத்தைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்பது அப்போதுதான் தெரிந்தது.

சட்டம் எதைப் பார்க்கிறது?

சிங்கப்பூரில் பூச்சி ஒழிப்புத் தொழிலை முறைப்படுத்துவது 1998ஆம் ஆண்டின் நோய்க்கடத்திகள், பூச்சிக்கொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். தேசியச் சுற்றுப்புற வாரியம் அதை நடைமுறைப்படுத்துகிறது. அதற்குமுன் இருந்தது, நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1968ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டுக்கும் அடிப்படை நோக்கம் ஒன்றே: மக்களிடையே நோய் பரவாமல் தடுப்பது.

இன்றைய சட்டத்தில் மூன்று படிகள் உள்ளன. சேவை வழங்கும் நிறுவனம் வாரியத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். பணியை மேற்பார்வையிடும் தொழில்நுட்பர் பயிற்சி முடித்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். மருந்து தெளிக்கும் ஊழியர் சான்றிதழ் பெற்று, உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். இவற்றோடு, நோய்க்கடத்திகளுக்கு எதிராக விற்கப்படும் பூச்சிக்கொல்லிகளும் பதிவு செய்யப்பட வேண்டும்.

இங்கே முக்கியமான சொல் 'நோய்க்கடத்தி'. மனிதருக்கு நோயைக் கொண்டுவரக்கூடிய பூச்சியும் எலி வகை உயிரினமும் அதில் அடங்கும். நடைமுறையில் கொசு, ஈ, கரப்பான், எலி, எலித்தெள்ளு ஆகியவை. கறையான் மரத்தைத் தின்னும், நோய் பரப்பாது. மூட்டைப்பூச்சி இரத்தத்தைக் குடிக்கும். ஆனால் அது மனிதரிடையே நோயைப் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. ஆகவே இவை இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

உரிமம் வெறும் தாள் அல்ல

உரிமத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். கொசுப் புகையை எடுத்துக்கொள்வோம். 2020ல் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி கண்டது. அத்தகைய நேரத்தில் புளோக்கின் கீழே வெண்புகை எழும்போது ஏதோ நடவடிக்கை எடுக்கிறார்கள் என்று நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்தப் புகை பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுக்களை அது தொடாது. வெப்பமான நம் ஊரில் முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். புகையடித்துவிட்டுப் பூச்சாடித் தட்டை அப்படியே விட்டால் அடுத்த வாரம் புதிய கொசுக்கள் வந்துவிடும்.

அதைவிடச் சிக்கலானது எதிர்ப்பாற்றல். ஒரே மருந்தை அடிக்கடி, அரைகுறை அளவில் பயன்படுத்தினால் அதைத் தாங்கும் பூச்சிகள் மட்டும் பிழைத்து இனம்பெருக்கும். வீட்டுத் தெளிப்பான்களில் அதிகம் காணப்படும் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கும் ஏடிஸ் கொசுக்கள் இங்கும் உண்டு. எந்த மருந்து, எந்த அளவு, எந்த நேரம், எப்போது மருந்தே வேண்டாம் என்று முடிவெடுக்கும் அறிவுக்குத்தான் உரிமம் தரப்படுகிறது.

2014 டிசம்பரில் புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலிருந்த மேட்டில் நூற்றுக்கணக்கான எலிகள் திரிந்ததை நம்மில் பலர் சிறு வயதில் செய்தியில் பார்த்திருப்போம். பூச்சி ஒழிப்பு ஊழியர்கள் எலிகளைப் பிடித்ததோடு கதை முடியவில்லை. தெருநாய்களுக்காக வைக்கப்பட்ட உணவின் மிச்சம் எலிகளை ஈர்த்திருக்கலாம் என்பதும் அப்போது பேசப்பட்டது. உணவு கிடைக்கும்வரை எலி வரும். பொறியும் மருந்தும் வேலையின் பாதிதான்.

கடைக்கு ஒரு நிலை, வீட்டுக்கு ஒரு நிலை

வணிக இடங்களில் கண்காணிப்பு ஒரு தடவையோடு நிற்பதில்லை. உணவகத்தில் கரப்பான் இருந்தால் நடத்துநரின் உணவு உரிமத்துக்கே ஆபத்து. பாலர் பள்ளி, பள்ளி, முதியோர் பராமரிப்பு நிலையம் போன்ற இடங்களுக்கு 2021 முதல் சுற்றுப்புறத் தூய்மைக்கான கூடுதல் விதிமுறைகள் கட்டங்கட்டமாக வந்துள்ளன. பூச்சிக் கட்டுப்பாட்டுத் திட்டமும் அவற்றில் ஒரு பகுதி. அங்கே ஒப்பந்தம் இருக்கும், பதிவேடு இருக்கும், கேள்வி கேட்க அதிகாரி இருப்பார்.

வீட்டில் கேள்வி கேட்பவர் நாம் மட்டுமே. நமக்கோ எதைக் கேட்பது என்று தெரிவதில்லை.

பிரச்சினையின் மையம் இதுதான். சட்டம் பூச்சியின் தன்மையைப் பார்த்துக் கோடு போடுகிறது. நம் உடலுக்குள் போவதோ மருந்து. கரப்பானுக்காக அடித்தாலும் மூட்டைப்பூச்சிக்காக அடித்தாலும் பாட்டியின் நுரையீரலுக்கு வேறுபாடு தெரியாது. பைரித்ராய்டு மருந்துகள் மனிதருக்கு ஒப்புநோக்கக் குறைந்த நச்சு கொண்டவை. ஆயினும் அவை மூச்சுக்குழாயை உறுத்தும். தொட்டி மீன்களுக்குக் கடும் நஞ்சு. அவற்றில் ஒன்றான பெர்மெத்ரின் பூனைகளுக்கு ஆகாது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புகளின் செயல்பாட்டையே பாதிக்கக்கூடியவை. பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலில் இவற்றுள் எது இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

உண்மையில் மூட்டைப்பூச்சி ஒழிப்புக்குத் திறன் கூடுதலாகவே தேவைப்படுகிறது. அது மெத்தைத் தையலிலும் கட்டில் மூட்டுகளிலும் ஒளிந்திருக்கும். முட்டைகள் பல மருந்துகளுக்கும் தப்பிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் பொரிக்கும். அதனால் ஒருமுறை தெளித்துவிட்டுப் போனால் போதாது, மீண்டும் வந்து பார்க்க வேண்டும். துணிகளை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைப்பதும், நீராவியும், வெற்றிட உறிஞ்சியும் பல வேளைகளில் மருந்தைவிட நன்றாக வேலை செய்யும். பயிற்சி பெற்றவர் இதைச் சொல்லியிருப்பார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எல்லாருக்கும் உரிமம் என்றால்?

இதற்கு எதிரான வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். விதிமுறை கூடினால் செலவு கூடும். சிறு நிறுவனங்கள் அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில்தான் கட்டும். வாடகை வீடுகளில் நெருக்கமாக வாழ்வோரையும் முதியோரையும்தான் மூட்டைப்பூச்சி அதிகம் வாட்டுகிறது. கட்டணம் 60 வெள்ளியிலிருந்து 200 வெள்ளி ஆனால் அவர்கள் கடையில் ஸ்ப்ரே டின் வாங்கித் தாங்களே அடித்துக்கொள்வார்கள். அது இன்னும் மோசமாக முடியலாம். சட்டத்தில் வேறு பாதுகாப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அபாயகரமான இரசாயனங்களைச் சுற்றுப்புறப் பாதுகாப்பு, நிர்வாகச் சட்டம் தனியாகக் கட்டுப்படுத்துகிறது.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இரசாயனம் எது என்பதைக் கட்டுப்படுத்துவதும் அதை யார் எப்படித் தெளிக்கிறார் என்பதைக் கட்டுப்படுத்துவதும் ஒன்றல்ல. முழு நிறுவனப் பதிவு இல்லாவிட்டாலும், காசு வாங்கிக்கொண்டு பிறர் வீட்டில் பூச்சிக்கொல்லி தெளிக்கும் எவருக்கும் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம் என்று வைக்கலாம். பயன்படுத்திய மருந்தின் பெயரையும், எவ்வளவு நேரம் கழித்து அறைக்குள் நுழையலாம் என்பதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். ஒரு தாள், இரண்டு வரி. இதற்குப் பெரிய செலவில்லை.

அண்டை நாடான மலேசியாவின் அணுகுமுறை வேறு. அங்கே 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம்தான் அடிப்படை. பூச்சி ஒழிப்பாளர்களுக்கான உரிம விதிகள் 2004ல் அதன்கீழ் வந்தன. அந்தச் சட்டத்தின் தொடக்கப்புள்ளி நோயன்று, மருந்து. அதனால் மட்டும் அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. கோட்டை வேறு இடத்திலும் போடலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

நாம் செய்யக்கூடியது

சட்டம் மாறும்வரை நம் கையில் இருப்பது கேள்விதான். பதிவு செய்த நிறுவனங்களின் பட்டியல் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் உள்ளது. மூட்டைப்பூச்சிக்கு அழைத்தாலும் அந்தப் பட்டியலில் உள்ள நிறுவனத்தை அழைத்தால், குறைந்தது பயிற்சி பெற்ற ஆட்கள் அங்கே இருப்பார்கள் என நம்பலாம். வந்தவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். பெயர்ச்சீட்டைப் படம் பிடித்து வையுங்கள். யாருக்காவது உடல்நலம் கெட்டால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். குழந்தை, முதியவர், ஆஸ்துமா உள்ளவர், மீன்தொட்டி, பூனை எதுவாயினும் முன்கூட்டியே சொல்லுங்கள். பதில் சொல்ல மறுப்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

நம் வீடுகளில் ஆங்கிலப் பெயர்ச்சீட்டைப் படிக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் நாம்தான். பாட்டி அன்று என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் போத்தல்ல என்னடி எழுதியிருந்துச்சு?" ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதை நான் அவர் பம்ப்பைத் தூக்கும் முன்பே கவனித்திருக்க வேண்டும்.