கடைசியாகப் பார்த்த நாளை எழுதி வையுங்கள்

மாணவர்களே, நாளைக் காலை சபைகூடலுக்கு மணி அடிப்பதற்கு முன் உங்கள் பள்ளித் திடலை ஒரு முறை உற்றுப் பாருங்கள். இரவு மழை பெய்து புல் நனைந்திருந்தால் இன்னும் நல்லது. மைனா அளவில், ஆனால் மைனாவைவிட நீண்ட காலுடன், மங்கலான பழுப்பு நிறத்தில் ஒரு பறவை நிற்கலாம். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு புழுவைக் கொத்தும், மறுபடி ஓடும். அதுதான் பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி. எல்லாத் திடலிலும் இருக்காது. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் புல் குட்டையாக வெட்டப்பட்ட பல திடல்களில் செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை இதைக் காணலாம்.

இப்போது மார்ச் மாதம். இன்னும் சில வாரங்களில் இதன் முகமும் நெஞ்சும் வயிறும் கறுப்பாக மாறும். முதுகில் பொன்துகள் தூவினாற்போல் புள்ளிகள் பளிச்சிடும். பிறகு ஒரு நாள் திடல் வெறுமையாக இருக்கும். அந்தப் பறவை சைபீரியாவின் தூந்திரப் பகுதியை நோக்கிப் பறந்துகொண்டிருக்கும்.

அது எந்த நாள்? உங்கள் பள்ளியில் யாருக்காவது தெரியுமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

நம் நாட்டில் வசந்த காலம் கிடையாது. பாடநூலில் நான்கு பருவங்களைப் படிக்கிறோம்; வெளியே வந்தால் வெயிலும் மழையும்தான். கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 20 நிமிடம்தான். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கே தொடங்கும் வசந்தத்தின் போக்குவரத்து முழுவதும் நம் தலைக்கு மேலேதான் நடக்கிறது. சில பறவைகள் புறப்படுகின்றன, சில கடந்து போகின்றன, சில வந்து சேர்கின்றன.

கடந்து போகும் பறவைகளைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்ட்டிக்சனுக்கு அருகில் உள்ள தஞ்சோங் துவான் முனையில், 1863-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் பக்கம் நின்று பார்த்தால், சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் தேன்பருந்துகளைக் காணலாம். எதிரே உள்ள ரூபாட் தீவுக்கும் இந்த முனைக்கும் இடையே கடல் குறுகி, சுமார் 38 கிலோமீட்டர்தான் இருக்கிறது. பருந்துகள் நிலத்தின் சூட்டில் மேலெழும் காற்றில் மிதந்து பயணம் செய்பவை. கடல் மேல் அந்தத் தூக்கிவிடும் காற்று கிடைப்பதில்லை. அதனால் குறுகலான இடமாகப் பார்த்து, சிறகடித்துக் கடக்கின்றன. கரையைத் தொடும்போது களைத்துத் தாழப் பறக்கின்றன. மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே மார்ச் மாதத்தில் பருந்து காணும் விழா நடத்தி வருகிறது. தன்னார்வலர்கள் வெயிலில் நின்று ஒவ்வொரு பறவையாக எண்ணுகிறார்கள்.

வந்து சேரும் பறவைகளில் அழகானது நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். செம்பழுப்புத் தலை, நீலத் தொண்டை, வாலின் நடுவில் நீண்ட இரண்டு இறகுகள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் இங்கே வந்து, மணல் தரையில் வளை தோண்டி முட்டையிடும். ஏறக்குறைய அதே வேளையில், குளிர்காலம் முழுவதும் இங்கே தங்கியிருந்த இன்னொரு வகையான நீலவால் பஞ்சுருட்டான் வடக்கே கிளம்பும். அதற்குத் தலை பச்சை, தொண்டை செம்பழுப்பு. கம்பி அதேதான். அதில் உட்கார்ந்து தட்டான் பிடிக்கும் ஆள் மட்டும் மாறிவிடுகிறது. தினமும் அந்தக் கம்பிக்குக் கீழே பேருந்துக்காகக் காத்து நிற்கும் நாம் அதைக் கவனிப்பதில்லை.

இனிப் புறப்படும் பறவைகள். உப்புக்கொத்தியைப் போலவே, சாலையோரக் கம்பிகளில் வரிசையாக உட்காரும் தகைவிலான்களும் சீனா, ஜப்பான், கொரியா, ரஷ்யா என வடக்கே போகின்றன. இவற்றுக்கு 'நேரமாகிவிட்டது, கிளம்பு' என்று யார் சொல்வது? இங்கே பனியும் இல்லை, பகலின் நீளமும் அதிகம் மாறுவதில்லை. ஜெர்மனியில் ஏபர்ஹார்ட் குவின்னர் என்ற விஞ்ஞானி சிறு பறவைகளை ஆண்டுக்கணக்கில் ஒரே வெப்பநிலையில், ஒரே பகல் நீளத்தில் வளர்த்துப் பார்த்தார். வெளியுலகின் எந்த அறிகுறியும் தெரியாத நிலையிலும் அவை ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்த்தன. வலசை போகும் இனங்களுக்கு அந்தந்தக் காலத்தில் இரவில் அமைதியின்மை ஏற்பட்டது. பறவையின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு இது சான்று.

இந்தக் கடிகாரம் இத்தனை காலம் நன்றாகத்தான் வேலை செய்தது. புவி வெப்பமடைந்து வரும் இப்போது அதில் ஒரு சிக்கல் வருகிறது. ஐரோப்பாவில் ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவை மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் நெதர்லாந்துக் காடுகளுக்குத் திரும்புகிறது. அங்கே வசந்தம் முன்கூட்டியே வரத் தொடங்கியது. குஞ்சுகளுக்கு ஊட்டும் கம்பளிப்புழுக்களும் முன்னதாகவே பெருகி முடிந்தன. ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு இது தெரிய வழியில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, புழுக்கள் மிகவும் முந்திக்கொண்ட காடுகளில் ஈப்பிடிப்பான்களின் எண்ணிக்கை 20 ஆண்டுகளில் சுமார் 90 விழுக்காடு சரிந்துவிட்டது. விருந்து முடிந்த பின் வந்து சேர்ந்தவர்களின் கதை இது.

இந்த உண்மை எப்படித் தெரிந்தது? பறவை வந்த தேதியையும் முட்டையிட்ட தேதியையும் பல ஆண்டுகள் சலிக்காமல் எழுதி வைத்தவர்களால் தெரிந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். வடக்கு நாடுகளில் முதல் தகைவிலான் வந்த நாளை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைக்கிறார்கள். ஆனால் பயணம் அங்கே தொடங்குவதில்லை, இங்கே தொடங்குகிறது. பறவை தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், அது தாமதமாகப் புறப்பட்டதா, அல்லது வழியில் இரை கிடைக்காமல் தடைபட்டதா என்று அறிய, புறப்பட்ட தேதி வேண்டும். அந்தத் தேதி நம் திடல்களிலும் கம்பிகளிலும் இருக்கிறது. ஆனால் அதைக் குறிப்பது கடினம். முதலில் பார்த்த நாள் கண்ணில் பட்டவுடன் தெரிந்துவிடும். கடைசியாகப் பார்த்த நாள், அது கடைசி என்று அன்றைக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் பல நாள் போய்ப் பார்த்து, 'இல்லை, இல்லை' என்று எழுதியவருக்குத்தான் அது தெரியும்.

ஒரே இடத்துக்கு வாரத்தில் ஐந்து நாள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருபவர் யார்? வார இறுதியில் மட்டும் தொலைநோக்கியோடு கிளம்பும் பெரியவர்களால் அது முடியாது. பள்ளி மாணவர்களான உங்களால் முடியும். உங்களுக்குச் சலிப்பூட்டும் அந்த அன்றாட வழக்கம்தான் அறிவியலுக்குத் தேவைப்படும் ஒழுங்கு.

குறிப்புகள் எவ்வளவு பேசும் என்பதற்குக் கிள்ளானிலேயே சான்று உண்டு. இன்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கரையும் வீட்டுக்காகம் இந்த மண்ணின் பறவை இல்லை. ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்கு முன், காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கப்பலில் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்தக் காலத்தில் நம் நகரங்களில் குயில் பெரும்பாலும் குளிர்காலத்தில் வந்துபோகும் விருந்தாளி. காகம் பெருகியது. காகக் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கு வாய்ப்பும் பெருகியது. இன்று குயில் ஆண்டு முழுவதும் இங்கேயே கூவுகிறது. 'இந்த மாதத்தில் குயில் குரல் கேட்கவில்லை' என்று முன்பு யாரோ எழுதி வைத்திராவிட்டால், குயில் என்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்று நாம் நினைத்திருப்போம்.

கிள்ளான் கடற்கரையிலும் இதே பாடம்தான். நீர் வற்றும்போது சேற்று வெளியில் மேயும் கரைப்பறவைகள், நீர் ஏறும்போது ஒதுங்கி நிற்க மேடான, தொல்லையற்ற இடம் தேடும். காப்பார் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளங்களில் அவை ஆயிரக்கணக்கில் ஒதுங்கின. சாம்பல் கொட்டும் இடத்தைப் பறவைகளின் புகலிடம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். போய் எண்ணியவர்கள் சொன்னதால்தான் அது தெரிந்தது. ஓர் இடத்தை மேம்படுத்தத் திட்டமிடும்போது, அங்கே என்ன வாழ்கிறது என்ற கேள்வி எழும். பதிவு இல்லாத இடத்தில் 'குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை' என்று எழுதுவது எளிது. எழுதப்படாத பறவைக்காக வாதாட ஆள் கிடையாது.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகள் எனக்குத் தெரியும். 'எஸ்.பி.எம். தேர்வு இருக்கிறது' என்பீர்கள். நான் கேட்பது ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். 'பெரிய கேமரா இல்லை' என்பீர்கள். தேவையே இல்லை. சொல்லப்போனால், அரிய பறவையின் படத்துக்காக அலைவதை நான் பெரிதாக மதிப்பதில்லை. படம் எடுப்பதற்காகப் பறவையை விரட்டிப் பறக்க வைப்பதும், கூடு இருக்கும் இடத்தைப் புலனக் குழுவில் பரப்புவதும் தவறு. நெடும்பயணத்துக்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் உப்புக்கொத்திக்கு, நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் இழப்புதான்.

'அடையாளம் தவறினால்?' என்பது நியாயமான கேள்வி. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். 'பஞ்சுருட்டான், எந்த வகை என்று தெரியவில்லை' என்பது நேர்மையான பதிவு. ஊகித்து எழுதிய பெயரைவிட அது பயனுள்ளது. சில அடையாளங்களைப் பழகிக்கொள்ளலாம். கம்பியில் உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை, உழவாரனால் கம்பியில் உட்கார முடியாது. வெள்ளை வயிறும் மார்பில் கரும்பட்டையும் இருந்தால் வலசை வரும் தகைவிலான். பட்டை இல்லாமல் அடிப்பக்கம் சாம்பலாக இருந்தால், ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் அதன் உறவுப் பறவை.

இனிச் செய்ய வேண்டியது எளிது. ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு அல்லது மூன்று பறவைகளை மட்டும் குறி வையுங்கள். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை இவற்றை எழுதுங்கள். பறவை இல்லாத நாளில் பக்கத்தை வெறுமையாக விடாமல் பூஜ்யம் என்று எழுதுங்கள். வெறுமையான பக்கத்துக்கு 'நான் பார்க்கவில்லை' என்று பொருள். பூஜ்யத்துக்கு 'நான் பார்த்தேன், பறவை இல்லை' என்று பொருள். தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யம் வந்தால், அதற்கு முந்தைய பதிவுதான் உங்கள் கடைசி நாள். இளம் பறவைகள் ஒன்றிரண்டு வடக்கே போகாமல் தங்கிவிடுவதும் உண்டு, அதையும் எழுதுங்கள்.

பிறகு ஆசிரியர் துணையோடு அதை ஈபேர்ட் என்ற உலகளாவிய தளத்தில் ஏற்றலாம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய தளம் அது. 'அடையாளம் கண்ட பறவைகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா?' என்று அங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். 'ஆம்' என்று நீங்கள் சொன்னால், பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவலாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணி இதே தளத்தில் ஏற்றி வருகிறார்கள். நம் பள்ளிகளில் மலேசிய இயற்கைச் சங்கத்தின் இயற்கை விரும்பிகள் மன்றம் இருந்தால் அதில் சேருங்கள். இல்லாவிட்டால் அறிவியல் மன்றத்தில் இதைப் புறப்பாட நடவடிக்கையாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஓர் ஆண்டின் குறிப்பால் பெரிதாக எதுவும் தெரியாது. அதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு சேர்ந்தால்தான் அது பேசத் தொடங்கும். நீங்கள் படிவம் ஐந்தை முடித்துப் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தைப் படிவம் ஒன்றில் இருக்கும் ஒரு தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்த வாரம் உப்புக்கொத்தி இன்னும் திடலில்தான் இருக்கும். நாளைக் காலையே தொடங்கினால் அது கிளம்புவதற்குள் முதல் பக்கத்தை எழுதிவிடலாம்.