வெல்ஃபேர் வாசலுக்கு வந்தால் ஓடி ஒளியாதீர்கள்



"வெல்ஃபேர்காரன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான்!" நம் பிளாட் வீடுகளில் இந்தப் பயம் இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அலறினாலும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். யாரைக் காப்பாற்ற இந்த மௌனம், குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனையா? 15999-க்கு அழையுங்கள். நல்லெண்ணத்தோடு புகார் கொடுப்பவரின் பெயரைச் சட்டம் காக்கிறது.

2001 சிறார் சட்டப்படி, ஆபத்தில் இருக்கும் பிள்ளையைச் சமூக நல இலாகா அதிகாரியோ போலீசோ அழைத்துச் செல்லலாம். ஆனால், மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டால் தவிர, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். பிள்ளை யாரிடம் வளரும் என்று முடிவு செய்வது இலாகா அல்ல, நீதிமன்றம். இலாகாவின் அறிக்கையைப் பரிசீலித்து, பெற்றோரிடமே பிணை எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படைக்கலாம். தகுந்த வேறொருவரிடம் கொடுக்கலாம். மூன்றாண்டு வரை காப்பகத்துக்கும் அனுப்பலாம்.

இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். இரவு ஷிஃப்ட் களைப்பு, வக்கீலுக்குக் காசில்லை என்று கோர்ட்டுக்கே போவதில்லை. தாய் இல்லாத கோர்ட்டில் தாய்க்காக யார் பேசுவது? போங்கள். அறிக்கை மலாயில் இருக்கும். புரியாமல் தலையாட்டாதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீட்டில் அரிசி குறைவாக இருப்பதும் பிள்ளையைக் கவனிக்க மனமில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. அறிக்கை இரண்டையும் ஒன்றாக்கினால், மாஜிஸ்திரேட்டிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ சித்தியோ இருந்தால், அவரையும் கையோடு அழைத்துப் போங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை மறக்க வேண்டாம்.