ரெண்டு மேக்னெட்டோவையும் கழட்டாதீங்க சாமி!

2016-ல மும்பை 'மேக் இன் இந்தியா' வாரத்துல அமோல் யாதவ், மொட்டை மாடியில தானே கட்டின விமானத்தைக் கொண்டுவந்து வச்சார். அப்படி ஒண்ணு கட்டணும்னு நாவலூர் டீக்கடையில கனவு காணுற மக்களே, கனவு சரி. "மேக்னெட்டோ பழைய குப்பை, ரெண்டையும் தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடு"ங்கறீங்களே, அதான் உதைக்குது.

பைக்ல சி.டி.ஐ. செத்தா ஓ.எம்.ஆர். ஓரமா தள்ளிட்டுப் போகலாம். மேல?

மேக்னெட்டோவுக்கு பேட்டரியே வேணாம், என்ஜின் சுத்துற வரைக்கும் பொறி வரும். எலக்ட்ரானிக் பெரும்பாலும் கரண்ட்டை நம்பித்தான். பெட்ரோல் மிச்சம், ஸ்டார்ட்டிங் சுலபம், ஒத்துக்கறேன். அப்ப ஒண்ணை மட்டும் மாத்துங்க! ரெண்டும்தான்னு அடம்பிடிச்சா, தனி பேட்டரி ஒண்ணு வைங்க.

இன்னொரு கூத்து. கிளம்புறதுக்கு முன்னாடி மேக்னெட்டோவை ஒவ்வொண்ணா அணைச்சுப் பார்ப்பாங்க. செஸ்னா 172எஸ்-ல 1800 ஆர்.பி.எம்.ல வச்சு, 150 வரை குறையலாம். ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 50-ஐத் தாண்டக்கூடாது. "எனக்குக் குறையவே இல்லை"ன்னு எவனாவது பீத்திக்கிட்டா நம்பாதீங்க. எர்த் ஒயர் அறுந்திருக்கலாம். சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடதான் இருக்கும். அந்த நேரத்துல புரொப்பெல்லரைக் கையால திருப்புறவன் கை போயிடும்.